படிக்கப் போய் எழுதிவிடும் கணினி

ஒரு சோதனை செய்து பாருங்கள். புதிதாக ஃபார்மட் செய்த ஒரு பென் டிரைவில் நாலைந்து புகைப்படங்களைப் போட்டுக்கொள்ளுங்கள். லினக்ஸ் கணினி ஒன்றில், டிரைவைத் தானாகத் திறக்கும் வசதியை அணைத்துவிட்டுச் செருகி, அதன் முதல் பிட்டிலிருந்து கடைசி பிட் வரை அனைத்துக்கும் சேர்த்து, உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற ஹேஷ் எண்ணைக் கணக்கிடுங்கள். எஸ்.எச்.ஏ.-256 முறையில் அது 64 இலக்கம் கொண்ட பதினறும எண்ணாக வரும். அதைக் குறித்து வைத்துக்கொண்டு, அதே டிரைவை விண்டோஸ் 10 ஓடும் கணினியில் செருகுங்கள். ஒரே ஒரு படத்தைத் திறந்து பார்த்துவிட்டு மூடுங்கள். எதையும் நகலெடுக்க வேண்டாம், அழிக்க வேண்டாம், பெயர் மாற்ற வேண்டாம். முறைப்படி எஜெக்ட் செய்து எடுத்து, மறுபடி லினக்ஸில் ஹேஷ் கணக்கிட்டால் வேறு எண் வரும். முந்தைய எண்ணோடு அதற்கு எந்தத் தொடர்பும் தெரியாது.

நீங்கள் எதையும் எழுதவில்லை. கணினி எழுதியிருக்கிறது. விண்டோஸ் 8 முதல், செருகப்படும் பென் டிரைவில் ‘சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்’ என்ற மறைவான ஃபோல்டரை இயங்குதளமே உருவாக்கிக்கொள்கிறது. தேடல் வசதிக்காக அந்த டிரைவுக்கு ஓர் அடையாள எண்ணைக் கொடுத்து உள்ளே ஒரு சிறு ஃபைலில் வைக்கிறது. ஆப்பிள் கணினியில் செருகினால் புள்ளியில் தொடங்கும் பெயர்களோடு மூன்று நான்கு மறைவான ஃபோல்டர்கள் முளைக்கின்றன: தேடல் அட்டவணைக்கு ஒன்று, குப்பைத் தொட்டிக்கு ஒன்று, மாற்றங்களைக் குறித்துவைக்க ஒன்று. இவை போக, பென் டிரைவ்களில் பரவலாக இருக்கும் ஃபேட் அமைப்பில் ஒவ்வொரு ஃபைலுக்கும் 32 பைட் கொண்ட ஒரு பதிவு உண்டு; அதில் 2 பைட், அந்த ஃபைல் கடைசியாகத் திறக்கப்பட்ட தேதிக்கு என்றே ஒதுக்கப்பட்டவை. அந்தத் தேதியை இயங்குதளம் புதுப்பித்தால், ஒரு ஃபைலைப் பார்த்த செயலே அந்த ஃபைலின் வரலாற்றைத் திருத்திவிடும்.

அன்றாடப் பயன்பாட்டில் இதனால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆனால் ஒரு குற்ற வழக்கில் கைப்பற்றப்பட்ட பென் டிரைவ் என்று வையுங்கள். இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம், மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்ட 63-ஆம் பிரிவின் கீழ் ஒரு சான்றிதழ் கேட்கிறது. அந்தச் சான்றிதழின் படிவத்திலேயே ஹேஷ் எண்ணுக்கும், அது எந்த முறையில் கணக்கிடப்பட்டது என்பதற்கும் இடம் இருக்கிறது. டிரைவைக் கைப்பற்றிய அதிகாரி ஆர்வத்தில் தன் மேசைக் கணினியில் செருகிப் பார்த்துவிட்டால், ‘இதில் என்ன மாறியது, யார் மாற்றினார்கள்?’ என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கும் கேள்வி நியாயமானதாகிவிடும். மாறியது மறைவான ஒரு ஃபோல்டர் மட்டும்தான் என்று நிரூபிக்கும் சுமை பார்த்தவர் தலையில் விழும். எழுதும் வழியை அடைத்துவிட்டுத்தான் டிரைவைத் தொட வேண்டும் என்ற விதி தடயவியலில் உருவானதற்குக் காரணம் இதுதான்.

அடைப்பது எங்கே, எப்படி என்று புரிந்துகொள்ள, ஓர் எழுத்து வேலை பென் டிரைவைச் சென்று சேரும் பாதையைப் பார்க்க வேண்டும். நீங்கள் ‘சேவ்’ அழுத்தியதும் செயலி இயங்குதளத்திடம் சொல்கிறது. அங்கே ஃபைல் அமைப்பைக் கவனிக்கும் பகுதி, இந்த ஃபைல் டிரைவின் எந்தெந்தக் கட்டங்களில் போய் உட்கார வேண்டும் என்று முடிவு செய்கிறது. கட்டம் ஒன்று வழக்கமாக 512 பைட். அதற்கும் கீழே உள்ள டிரைவர்களுக்கு ஃபைல், ஃபோல்டர், பெயர் எதுவும் தெரியாது. இத்தனையாவது கட்டத்திலிருந்து இத்தனை கட்டங்கள் என்ற கணக்கு மட்டுமே தெரியும். கடைசியில் யூ.எஸ்.பி. கம்பி வழியாக 31 பைட் கொண்ட ஒரு சிறு பொட்டலம் டிரைவுக்குப் போகிறது.

அந்தப் பொட்டலத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். முதல் 4 பைட், ‘இது ஒரு கட்டளை’ என்று சொல்லும் முத்திரை. அடுத்த 4 பைட், பதில் வரும்போது அடையாளம் காண ஒரு வரிசை எண். அதற்கடுத்த 4 பைட், எவ்வளவு தரவு கைமாறப் போகிறது என்ற அளவு. பிறகு திசை, டிரைவின் உட்பிரிவு எண், கட்டளையின் நீளம் என்று மூன்று பைட். ஆக 15 பைட் ஆயிற்று. 16-ஆவது பைட்டில்தான் விஷயம் இருக்கிறது. அங்கே 40 என்ற எண் இருந்தால் ‘படி’. 42 இருந்தால் ‘எழுது’. எத்தனை ஜிகாபைட் கொள்ளளவு கொண்ட டிரைவாக இருந்தாலும், அதன் உள்ளடக்கம் மாறுமா மாறாதா என்பது இந்த ஒரு பைட்டில் தொங்குகிறது. 40-க்கும் 42-க்கும் இருமக் கணக்கில் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம்.

எழுதுவதைத் தடுக்க நினைக்கும் எந்த மென்பொருளும் இந்தப் பாதையில் ஏதோ ஓர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு ‘கூடாது’ என்று சொல்கிறது. எந்த இடம் என்பதில்தான் அதன் தரம் இருக்கிறது. மாடிக் குழாயை மூடினால் மாடியில்தான் தண்ணீர் நிற்கும். தெருவிலிருந்து வரும் பிரதான வால்வை மூடினால் வீடு முழுக்க நிற்கும். செயலியின் மட்டத்தில் வைக்கும் தடையை வேறொரு செயலி கண்டுகொள்ளாது. ஃபைல் அமைப்பின் மட்டத்தில் வைத்தால், நேரடியாகக் கட்டங்களில் எழுதும் மென்பொருள் அதைத் தாண்டிப் போய்விடும். கட்டளை கம்பியில் ஏறும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பெரும்பாலானவை சிக்கும். அங்கும் கவனம் தேவை. 42 மட்டுமே எழுதும் கட்டளை இல்லை. 10, 138, 170 என்ற எண்களிலும் எழுதும் கட்டளைகள் இருக்கின்றன. 4 என்பது ஃபார்மட். 66 என்பது, இந்தக் கட்டங்கள் இனித் தேவையில்லை என்று டிரைவிடம் சொல்வது. இவற்றைத் தவிர, தயாரிப்பு நிறுவனங்கள் தங்களுக்கென வைத்திருக்கும் கட்டளைகளும் உண்டு. கெட்டவற்றைப் பட்டியலிட்டுத் தடுப்பதைவிட, படிப்பதற்கு அவசியமானவற்றை மட்டும் பட்டியலிட்டு அனுமதித்து மற்ற அனைத்தையும் மறுப்பதே பாதுகாப்பானது என்பது என் உறுதியான கருத்து. நாளைக்கு ஒரு புதிய கட்டளை வந்தாலும் அந்தத் தடை தளராது.

விண்டோஸில் பலரும் பயன்படுத்தும் வழி ரெஜிஸ்ட்ரியில் இருக்கிறது. 2004-இல் வந்த எக்ஸ்.பி. சர்வீஸ் பேக் 2 இதைக் கொண்டுவந்தது. ரெஜிஸ்ட்ரியின் ‘லோக்கல் மெஷின்’ கிளையில், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல் என்று இறங்கிப் போய், ‘ஸ்டோரேஜ் டிவைஸ் பாலிசீஸ்’ என்ற பெயரில் ஒரு பிரிவை உருவாக்க வேண்டும். அதற்குள் ‘ரைட் புரொடெக்ட்’ என்று ஒரு மதிப்பை வைத்து 1 கொடுத்தால் தடை. 0 கொடுத்தால் திறப்பு. பென் டிரைவில் எழுதுவதைத் தடுப்பதாகச் சொல்லி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் குட்டி மென்பொருள்களில் பல, பச்சை சிவப்புப் பொத்தான்களுக்குப் பின்னால் செய்வது இந்த 0-வை 1 ஆக்குவதைத்தான். அது குறையில்லை. ரெஜிஸ்ட்ரியில் கைவைக்கப் பயப்படுபவருக்கு ஒரு பொத்தான் பெரிய உதவி.

1 வைத்துவிட்டு டிரைவைச் செருகி ஒரு படத்தை இழுத்துப் போட்டால், வட்டு எழுதமுடியாதபடி காக்கப்பட்டுள்ளது, வேறு வட்டைப் பயன்படுத்துங்கள் என்று ஒரு பெட்டி எழும். ஆனால் டிரைவ் ஏற்கெனவே செருகியிருக்கும்போது 1 வைத்தால், அந்தப் பெட்டி வராமல் படம் உள்ளே போய்விடுவதைப் பார்க்கலாம். டிரைவ் அறிமுகமாகும் தருணத்தில்தான் விண்டோஸ் இந்த மதிப்பைப் பார்க்கிறது. நடுவில் மாற்றினால் கழற்றிச் செருகும்வரை பலன் இல்லை. தடயப் பொருளைக் கையாளுபவர் வரிசையை மாற்றிச் செய்துவிட்டால் தடை இருந்தும் இல்லாதது போலத்தான். முதலில் தடை, பிறகு வேண்டாத ஒரு டிரைவைச் செருகிச் சோதனை, அதன் பிறகே அசல். இந்த ஒழுங்கை நான் எங்கு பேசினாலும் வலியுறுத்துவேன்.

நூற்றுக்கணக்கான கணினிகள் உள்ள அலுவலகத்தில் ஒவ்வொன்றாக ரெஜிஸ்ட்ரியைத் திருத்த முடியாது. விஸ்டா முதல் குரூப் பாலிசியிலேயே, கழற்றக்கூடிய டிரைவ்களுக்கு எழுதும் அனுமதியை மறுக்கும் விதி தனியாகவும், படிக்கும் அனுமதியை மறுக்கும் விதி தனியாகவும் இருக்கின்றன. விண்டோஸ் 7-இல், பிட்லாக்கர் முறையில் பூட்டப்படாத டிரைவில் எழுதக் கூடாது என்ற விதியும் சேர்ந்தது. அலுவலகங்களுக்கு இந்தக் கடைசி விதிதான் மிகவும் பொருத்தமானது என்று எனக்குத் தோன்றுகிறது. வேலை செய்பவர் தரவை எடுத்துப் போக முடிகிறது. வழியில் டிரைவ் தொலைந்தாலும் கண்டெடுத்தவரால் படிக்க முடிவதில்லை.

தடை எந்தத் திசையில் வேலை செய்கிறது என்பதிலும் குழப்பம் வரக் கூடாது. 2008-இல் அமெரிக்க ராணுவத்தின் கணினி வலையமைப்புகளில் ஏஜென்ட் பி.டி.இசட். என்ற தீநிரல் பரவியது. மத்தியக் கிழக்கில் இருந்த ஒரு ராணுவத் தளத்தில் மடிக்கணினியில் செருகப்பட்ட ஃபிளாஷ் டிரைவிலிருந்து அது நுழைந்ததாகப் பாதுகாப்புத் துறையின் துணை அமைச்சராக இருந்த வில்லியம் லின் 2010-இல் எழுதினார். 2008 நவம்பரிலேயே அமெரிக்கப் பாதுகாப்புத் துறை பென் டிரைவ் பயன்பாட்டையே தடைசெய்தது. எழுதும் தடை மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நோய் தொற்றிய கணினி அடுத்தடுத்த டிரைவ்களில் தன் நகலை எழுதுவது நின்றிருக்கும். முதல் டிரைவிலிருந்து முதல் கணினிக்கு அது நுழைந்ததை எழுதும் தடை தடுத்திருக்காது. அது படிக்கும் திசையில் வந்தது.

இன்னொரு பக்கம், கைப்பேசியைக் கம்பியில் இணைத்தால் அது பெரும்பாலும் டிரைவாக அறிமுகம் செய்துகொள்வதில்லை. எம்.டி.பி. என்ற வேறொரு முறையில், ‘இந்த ஃபைலைக் கொடு, இந்த ஃபைலை வாங்கிக்கொள்’ என்று முழு ஃபைல்களாகவே பேசுகிறது. நாம் பார்த்த 31 பைட் பொட்டலம் அந்த உரையாடலில் கிடையாது. ஆகவே ரெஜிஸ்ட்ரியில் வைத்த அந்த 1, கைப்பேசியைக் கட்டுப்படுத்தாது. குரூப் பாலிசியில் அதற்கென்று தனி விதி இருக்கிறது. பென் டிரைவை மூடிவிட்ட நிம்மதியில் அதை வைக்க மறப்பவர்கள் ஏராளம்.

மென்பொருள் தடையின் பெரிய எல்லை ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். தடை இருப்பது கணினியில், டிரைவில் இல்லை. கல்லூரி மாணவி ஒருத்தி ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் பென் டிரைவை எடுத்துப் போகிறாள். கடைக் கணினியில் வைரஸ் இருந்தால், அவள் ஃபோல்டர்கள் மறைந்து அவற்றின் பெயரில் ஷார்ட்கட்கள் உட்கார்ந்திருக்கும். அவள் வீட்டுக் கணினியில் எத்தனை தடை வைத்திருந்தாலும் பலன் இல்லை. அவளுக்குத் தேவை, டிரைவிலேயே உள்ள ஒரு சிறு சுவிட்ச். சில நிறுவனங்களின் பென் டிரைவ்களில் அது இருக்கிறது. கணினி முதலில் டிரைவிடம், உன்னில் எழுதலாமா என்று கேட்கும் வழக்கம் உண்டு. சுவிட்ச் போட்ட டிரைவ் அதற்கான பதிலில் ஒரு பிட்டை 1 ஆக்கி, கூடாது என்கிறது. அதை மதிக்காமல் எழுதும் கட்டளை வந்தாலும் டிரைவ் மறுத்து, எழுதத் தடை உள்ளது என்ற பிழைக் குறியைத் திருப்பி அனுப்புகிறது. கடைக் கணினியில் எந்த வைரஸ் இருந்தாலும் அதற்கு இங்கே பேச்சு இல்லை.

எஸ்.டி. கார்டின் ஓரத்தில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாளும் இதே வேலையைச் செய்வதாகப் பலர் நம்புகிறார்கள். அந்தத் தாழ்ப்பாளுக்கும் கார்டின் உள்ளே இருக்கும் சில்லுக்கும் மின் இணைப்பே கிடையாது. அது வெறும் பிளாஸ்டிக். எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்று ரீடர்தான் பார்த்துக் கணினியிடம் சொல்ல வேண்டும். சொல்லாத ரீடரும், சொன்னதை மதிக்காத மென்பொருளும் இருந்தால் கார்டில் தாராளமாக எழுதலாம்.

லினக்ஸ் இந்த விஷயத்தில் கறாரானது என்று பெயர் எடுத்தது. அங்கேயும் ஆழம் உண்டு. ‘படிக்க மட்டும்’ என்று சொல்லி ஒரு டிரைவை மவுன்ட் செய்கிறீர்கள். அதில் எக்ஸ்ட்4 ஃபைல் அமைப்பு இருந்து, முந்தைய முறை சரியாக மூடப்படாமல் பிடுங்கப்பட்டிருந்தால், லினக்ஸ் முதலில் அதன் ஜர்னல் என்ற குறிப்பேட்டில் பாதியில் நின்ற வேலைகளை முடித்து எழுதிவிட்டுத்தான் உங்களுக்குப் படிக்கத் தருகிறது. மவுன்ட் கட்டளையின் கையேடே இதை எச்சரிக்கிறது. ஜர்னலைத் தொடாதே என்று தனியாகச் சொல்ல வேண்டும்; அல்லது டிரைவ் முழுவதையுமே இயங்குதளத்தின் மையமான கர்னலின் மட்டத்தில் படிக்க மட்டும் என்று குறிக்க வேண்டும்.

அந்தக் குறியை நம்பலாமா? 2018-இல் நடந்த ஒரு சம்பவம் இதற்கு நல்ல பாடம். படிக்க மட்டும் என்று குறிக்கப்பட்ட டிரைவுக்கு வரும் எழுதும் வேலைகளைப் பிழை காட்டித் திருப்பி அனுப்பும்படி, 4.16 கர்னலில் ஒரு மாற்றம் சேர்க்கப்பட்டது. அதுவரை கர்னலுக்குள்ளிருந்தே கிளம்பும் எழுத்துக்களை அந்த இடத்தில் யாரும் நிறுத்தவில்லை என்பதுதான் இதன் பொருள். மாற்றம் வந்ததும் டிரைவ்களைப் பகுத்து நிர்வகிக்கும் எல்.வி.எம்.2 மென்பொருளின் பழைய பதிப்புகள் உள்ள சில கணினிகள் தடுமாறின. அதன் ஸ்னாப்ஷாட் வசதி, படிக்க மட்டும் என்று குறித்த பிறகும் அதே இடத்தில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. மாற்றம் சரியானதுதான் என்று ஒப்புக்கொண்டே, ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் நிற்கக் கூடாது என்பதற்காக, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அதைப் பகுதியளவு திரும்பப் பெற்றார். மறுப்பு வெறும் எச்சரிக்கைச் செய்தியாகச் சுருங்கியது. பல ஆண்டுகளாக எல்லோரும் இருப்பதாக நம்பிய ஒரு தடை முழுமையாக இல்லை என்பதும், அதை முழுமையாக்கப் போனால் அதன் ஓட்டையை நம்பி வாழும் மென்பொருள்கள் உடையும் என்பதும் ஒரே ஆண்டில் வெளிவந்தன.

இதனால்தான் சோதிக்காத தடையைத் தடையாகக் கொள்ளக் கூடாது. அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனமான நிஸ்ட், தடயவியல் கருவிகளைச் சோதிக்கவே ஒரு திட்டம் நடத்துகிறது. மென்பொருள் தடைக்கான அதன் வரையறை மூன்று விஷயங்களைக் கேட்கிறது: பாதுகாக்கப்படும் டிரைவ் மாறக் கூடாது; எந்த டிரைவிலிருந்தும் தகவல் பெறுவது தடைபடக் கூடாது; பாதுகாக்கப்படாத டிரைவின் வேலை எதுவும் கெடக் கூடாது. இரண்டாவதும் மூன்றாவதும் சிறிய விஷயங்களாகத் தெரியலாம். எல்லாவற்றையும் மறுத்துவிட்டால் டிரைவ் பத்திரமாகத்தான் இருக்கும், ஆனால் ஆய்வாளருக்கு நகல் கிடைக்காது. அந்த வரையறை எழுதப்பட்டது டாஸ் கால முறைக்கு. அப்போது வட்டு வேலைகள் பயாஸின், பதினறும எண்ணில் 13-ஆம் இன்டரப்ட் என்ற ஒற்றை வாசல் வழியே போயின. 2 என்றால் படி, 3 என்றால் எழுது, 5 என்றால் ஃபார்மட். கனடாவின் தேசியக் காவல் படை உருவாக்கிய எச்.டி.எல். போன்ற மென்பொருள்கள் நினைவகத்தில் தங்கி அந்த வாசலைக் காத்தன. விண்டோஸ் தன் சொந்த டிரைவர்கள் மூலம் வட்டோடு நேரடியாகப் பேசத் தொடங்கியதும் அந்த வாசல் வழியே யாரும் வரவில்லை. காவல் அங்கேயே நின்றது, பாதை மாறிவிட்டது.

சோதிக்கும்போது கண்ணை நம்பாமல் ஹேஷை நம்ப வேண்டும். எழுதும் வேலையை மறுக்கும் தடைகளில் சில, பிழை காட்டாமல் ‘முடிந்தது’ என்று பதில் சொல்லும். இல்லாவிட்டால் சில இயங்குதளங்கள் குழம்பி டிரைவைத் திறக்கவே மறுக்கும் என்பதால். அப்போது நீங்கள் போட்ட ஃபைல் திரையில் பெயரோடும் அளவோடும் தெரியும், திறந்தால் படமும் தெரியும். அது கணினியின் தற்காலிக நினைவில் இருக்கும் நகல். கழற்றிச் செருகினால் ஃபைல் இருக்காது. இதன் மறுபக்கமும் உண்டு: திரையில் எதுவும் மாறாதது போலத் தெரிந்தும், முதலில் பார்த்த அந்த மறைவான ஃபோல்டர் உள்ளே எழுதப்பட்டிருக்கலாம். முன்னும் பின்னும் எடுத்த இரண்டு 64 இலக்க எண்கள் ஒத்துப்போனால்தான் தடை வேலை செய்தது.

ஹேஷுக்கும் எட்டாத ஓர் இடம் பென் டிரைவுக்குள் இருக்கிறது. ஃபிளாஷ் சில்லில் ஏற்கெனவே எழுதிய இடத்தின் மேல் நேரடியாக மறுபடி எழுத முடியாது. பெரிய தொகுதியாக அழித்த பிறகே எழுத முடியும். எந்தத் தொகுதியை எப்போது அழிப்பது, எதை எங்கே நகர்த்துவது என்பதை டிரைவுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் தானே முடிவு செய்கிறது. ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாலே பக்கத்துச் செல்களின் மின்னூட்டம் மெல்லக் கலையும். அதைக் கவனித்து கன்ட்ரோலர் தரவை வேறிடத்துக்கு மாற்றி எழுதுவதும் உண்டு. கம்பியில் 42 என்ற கட்டளை ஒருமுறைகூடப் போகாமலே இவை நடக்கும். வெளியிலிருந்து பார்க்கும் கட்டங்களின் உள்ளடக்கம் மாறாததால் ஹேஷும் மாறாது. ஆனால் அழிக்கப்பட்ட ஃபைல்களின் எச்சங்களைத் தேடும் ஆய்வாளருக்கு இது இழப்பு. ஆஸ்திரேலியாவின் மர்டாக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரேம் பெல், ரிச்சர்ட் பாடிங்டன் இருவரும் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், விரைவு ஃபார்மட் செய்யப்பட்ட ஒரு எஸ்.எஸ்.டி., கணினி எதுவும் சொல்லாமலே சில நிமிடங்களில் பழைய தரவைத் தானாகத் துடைத்துவிடுவதைக் காட்டினார்கள். எழுதும் தடையைப் போட்டும் அதை முழுவதுமாக நிறுத்த முடியவில்லை. மின்சாரம் கிடைத்ததே அதற்குப் போதுமானதாக இருந்தது.

மின்சாரமே கொடுக்காமல் உறையில் போட்டு வைத்துவிடலாமா என்றால், அதற்கும் எல்லை இருக்கிறது. ஃபிளாஷ் செல்லில் தரவு என்பது சிறைபிடித்த எலக்ட்ரான்கள். மின்சாரம் இல்லாமல் கிடக்கும்போது அவை மெதுவாகக் கசிகின்றன. பலமுறை எழுதித் தேய்ந்த சில்லிலும், வெப்பமான அறையிலும் இன்னும் வேகமாகக் கசிகின்றன. ஆகவே தடயவியல் கூடத்தில் டிரைவை முதன்முறை செருகும்போதே, எழுதும் தடைக்குப் பின்னால், முதல் கட்டத்திலிருந்து கடைசிக் கட்டம் வரை முழு நகல் எடுத்து ஹேஷ் குறித்துவிடுகிறார்கள். தேடுவது, திறப்பது, மீட்பது எல்லாம் அதன் பிறகு அந்த நகலில்தான் நடக்கின்றன.